பத்தாந் தரத்தில் மூன்று பாடங்கள்: பிள்ளையோடு இருந்து தெரிவுசெய்வோம்

பாடத்தின் நோக்கம்: தரம் 10க்குச் செல்லும் பிள்ளையின் தொகுதிப் பாடங்களைப் பெற்றோரும் பிள்ளையும் ஒன்றாக இருந்து, விடயம் அறிந்து தெரிவுசெய்தல்.



ஒன்பதாந் தரம் முடிகின்ற நாட்களில் பாடசாலையிலிருந்து பிள்ளை ஒரு தாளைக் கொண்டுவரும். க.பொ.த. சாதாரண தரத்திற்கு எந்தெந்தப் பாடங்களைப் படிக்கப் போகிறாய் என்று அதில் கேட்டிருப்பார்கள். வீட்டில் அப்போது வேறு கவலைகள் இருக்கும். வேளாண்மைக்கு உரம் வாங்கவேண்டும், கூலிக்குப் போகவேண்டும், கூரைக்குத் தகரம் தேடவேண்டும். "எனக்கு என்ன தெரியும் மனே, நீயே பாத்துப் போடு" என்று சொல்லி, அடியில் ஒப்பமிட்டுக் கொடுத்துவிடுகிறோம். பிள்ளையும் பக்கத்து மேசைக்காரன் எதைப் போட்டானோ அதையே போட்டுவிடுகிறது.

இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளையைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஊரை விட்ட நாளை அது தெரிவுசெய்யவில்லை. தங்கிய முகாமையும், சேர்ந்த பாடசாலையையும், திரும்பிப் போன நாளையும் அது தெரிவுசெய்யவில்லை. எல்லாம் அதன் தலைக்கு மேலால் நடந்தவை. இந்தத் தாளில் உள்ள மூன்று பாடங்களே அதனிடம் கேட்டுத் தீர்மானிக்கப்படும் முதற் காரியமாக இருக்கலாம். அதையும் அவசரத்தில் விட்டுவிடக்கூடாது என்பதே இப்பாடத்தின் கருத்து.

தாளில் இருப்பது என்ன?

சாதாரண தரத்தில் பிள்ளை 9 பாடங்களுக்குத் தோற்றுகிறது. அவற்றுள் 6 பாடங்கள் கட்டாயமானவை: சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு. மிகுதி 3 பாடங்களையும் மூன்று தொகுதிகளிலிருந்து, தொகுதிக்கு ஒன்றாகத் தெரிவுசெய்ய வேண்டும்.

முதலாந் தொகுதியில் புவியியல், குடியியற் கல்வி, வணிகமும் கணக்கீடும், முயற்சியாண்மை, இரண்டாம் மொழியாகச் சிங்களம் போன்றவை உண்டு. இரண்டாந் தொகுதி அழகியலும் இலக்கியமும்: சங்கீதம், நடனம், சித்திரம், நாடகமும் அரங்கியலும், தமிழ் இலக்கிய நயம். மூன்றாந் தொகுதி தொழில் சார்ந்தது: விவசாயமும் உணவுத் தொழினுட்பமும், மனைப் பொருளியல், சுகாதாரமும் உடற்கல்வியும், தகவல் தொடர்பாடல் தொழினுட்பம், நீருயிரின வளம், கட்டட, இயந்திர, மின் தொழினுட்பங்கள் போன்றவை. தாளில் உள்ள எல்லாப் பாடங்களும் எல்லாப் பாடசாலைகளிலும் நடப்பதில்லை. படுவான்கரையின் சிறிய பாடசாலைகளில் ஒரு தொகுதிக்கு இரண்டு பாடமே இருப்பதும் உண்டு.

இனி, பரீட்சை முடிவை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை அறிந்துகொள்ளுங்கள். உயர்தரம் படிக்கப் பொதுவாக 6 பாடங்களில் சித்தி வேண்டும். அவற்றுள் தாய்மொழியும் கணிதமும் அடங்கவேண்டும். குறைந்தது 3 பாடங்களில் திறமைச் சித்தி, அதாவது 'சி' அல்லது அதற்கு மேல், இருக்கவேண்டும். 'சி' என்பது 50 புள்ளியில் தொடங்குகிறது. இந்த மூன்று திறமைச் சித்திகளுள் தொகுதிப் பாடங்களில் பெறுபவையும் சேரும். கணிதத்திலும் ஆங்கிலத்திலும் தடுமாறும் பிள்ளைக்கு, நன்றாகத் தெரிவுசெய்த மூன்று தொகுதிப் பாடங்களே கைகொடுக்கும். பொருந்தாத பாடங்களைப் போட்டால், அந்த வாய்ப்பை நாமே எறிந்தவர்களாவோம்.

ஒரு பிள்ளையின் அனுபவம்

2006ஆம் ஆண்டின் கடைசியிலும் 2007இலும் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் மக்கள் வாவியைக் கடந்து வந்து முகாம்களில் தங்கியிருந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அக்காலத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை பத்தாந் தரத்தில் படித்தாள். நல்ல குரல் வளம். ஊர்ப் பாடசாலையில் ஆறாந் தரத்திலிருந்து சங்கீதம் படித்தவள். முகாமுக்கு அருகிலே சேர்த்த பாடசாலையில் சங்கீத ஆசிரியர் இல்லை. சித்திர வகுப்பில் இடமிருந்தது, அதில் இருத்தினார்கள். இடம் கிடைத்ததே போதும் என்று தகப்பன் நினைத்தார். நானும் அப்படியே நினைத்தேன். வேறு எந்தப் பாடசாலையில் சங்கீதம் உண்டு என்று நான் போய்க் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. தமிழ் இலக்கிய நயம் அங்கே நடந்ததா என்றாவது விசாரித்திருக்கலாம், அதுவும் செய்யவில்லை.

முடிவு வந்தபோது சித்திரத்தில் சித்தியில்லை. எல்லாமாக இரண்டு திறமைச் சித்திகளே இருந்தன. உயர்தரம் போக ஒன்று குறைந்தது. அடுத்த முறை மீண்டும் தோற்றி அதைப் பெற்றாள் என்பது உண்மை. ஆனால் ஒரு வருடம் போயிற்று. அந்த வருடத்தில் அவளை வீட்டிலே நிறுத்திவிட வேண்டும் என்று உறவினர் சொன்னதையும், அவள் தாய் ஒருத்தியே அதற்கு எதிராக நின்றதையும் நான் அறிவேன். இன்று இந்தப் பாடத்தை எழுதுவதற்கு அந்த வருடமும் ஒரு காரணம்.

மூன்று தவறான எண்ணங்கள்

முதலாவது: "விவசாயம் எடுத்தால் பிள்ளை சேற்றுக்குள்தான் போகும்." ஒரு தகப்பன் என்னிடம் சொன்னார்: "ஃபாதர், நாம வட்டைக்குள்ள கிடந்து பட்டது போதும். இவனாவது நிழலுக்க இருக்கட்டும்." அவரின் நோவு எனக்கு விளங்கியது. நட்ட வேளாண்மையை வெட்டாமல் விட்டு ஓடிவந்தவர் அவர். ஆனால் சாதாரண தரத்தில் விவசாயம் எடுப்பதால் எந்தக் கதவும் பூட்டப்படுவதில்லை. மண், காலநிலை, நாற்றுமேடை, பீடை கட்டுப்பாடு, அறுவடைக்குப் பின் பாதுகாத்தல், கால்நடை ஆகியவற்றையே அதில் படிக்கிறார்கள். இவற்றில் அரைவாசியை உங்கள் பிள்ளை வரம்பிலே நின்று ஏற்கெனவே கண்டிருக்கிறது. கண்டதைப் பெயர் சொல்லி எழுதப் பழகினால் திறமைச் சித்தி எட்டாத ஒன்றல்ல.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். விவசாய விஞ்ஞானப் பட்டதாரியாக வரவேண்டுமென்றால் சாதாரண தர விவசாயப் பாடம் மட்டும் போதாது. உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவுக்குச் செல்லச் சாதாரண தர விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் நல்ல சித்தி வேண்டும். 2013இல் தொடங்கிய தொழினுட்பப் பிரிவில் உயிர்முறைமைகள் தொழினுட்பம் என்ற பாடமும் உண்டு. வந்தாறுமூலையில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தொடக்கம் 1981ஆம் ஆண்டு. அன்று தொடங்கிய பீடங்களுள் விவசாய பீடமும் ஒன்று. 1990இல் நம்மவர் ஆயிரக்கணக்கில் அடைக்கலம் புகுந்திருந்த அதே வளாகத்திலே, இன்று விவசாயிகளின் பிள்ளைகள் மாணவராக நுழையலாம்.

இரண்டாவது: "கணினிப் பாடம் எடுத்தால் உத்தியோகம் உறுதி." தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் நல்ல பாடம். ஆனால் பாடசாலையில் வேலை செய்கிற கணினிகள் எத்தனை, கற்பிக்க ஆசிரியர் உண்டா, பிள்ளைக்குத் தொடப் பழக நேரம் கிடைக்குமா என்று கேளுங்கள். புத்தகத்தை மட்டும் பார்த்துக் கணினி படிப்பது, கரையில் நின்று தோணி வலிக்கப் பழகுவது போன்றது.

மூன்றாவது: "பாட்டும் கூத்தும் சோறு போடாது." காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படித்தவர். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்று, விஞ்ஞானம் கற்பித்தவர். அவரே பழந்தமிழரின் யாழை ஆராய்ந்து 1947இல் 'யாழ் நூல்' வெளியிட்டார். நரம்பின் நீளத்தையும் சுரத்தையும் கணக்கிட அவருக்கு விஞ்ஞான அறிவு உதவியது. அவர் பெயரில் கல்லடியில் இயங்கும் அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இன்று சங்கீதம், நடனம், நாடகம், கட்புலக் கலைகள் ஆகியவற்றில் பட்டம் பெறலாம். வடமோடியும் தென்மோடியும் ஆடிய களரிகளின் பிள்ளைகளுக்கு இது அந்நியமான படிப்பன்று. ஒன்றை மட்டும் கவனியுங்கள். இப்பாடங்களில் செயன்முறைப் பரீட்சையும் உண்டு. பத்தாந் தரத்தில் புதிதாகத் தொடங்குவது கடினம்.

கேட்கவேண்டிய நான்கு கேள்விகள்

ஒரு மாலையில் விளக்கடியில் பிள்ளையோடு அமர்ந்து, ஒவ்வொரு பாடத்திற்கும் இந்த நான்கு கேள்விகளையும் கேளுங்கள். நீங்கள் எழுத வாசிக்கக் குறைவாகத் தெரிந்தவராயினும் இவற்றைக் கேட்கலாம்.

1. பிள்ளைக்கு இது பிடிக்குமா, வருமா? எட்டாம், ஒன்பதாந் தரப் புள்ளி அட்டைகளை எடுத்துப் பாருங்கள். அட்டை தொலைந்திருந்தால் வகுப்பாசிரியரைக் கேளுங்கள். தரம் 10 பாடநூல் ஒன்றை மேல் வகுப்புப் பிள்ளையிடம் இரவல் வாங்கி, முதல் இரண்டு பாடங்களைப் பிள்ளை உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். முகத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

2. படிப்பிக்க ஆள் உண்டா? தாளில் பாடத்தின் பெயர் இருப்பது வேறு, வகுப்பில் ஆசிரியர் இருப்பது வேறு. அந்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனால் பதிலுக்கு யார் என்று அதிபரிடம் பணிவாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

3. செலவு என்ன? பாடநூல் இலவசம். ஆனால் சில பாடங்களுக்கு வர்ணம், துணி, கருவி, பிரத்தியேக வகுப்பு என்று பணம் வேண்டியிருக்கும். இரண்டு வருடத்திற்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

4. இது எங்கே கொண்டுபோகும்? உயர்தரத்தில் என்ன படிக்க ஆசை, அல்லது எந்தத் தொழில் பழக ஆசை என்று கேளுங்கள். உதாரணமாக, அரச உத்தியோகத்தில் சேர்பவர் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும். ஆசிரியர் இருந்தால் சிங்களத்தை இரண்டாம் மொழியாக எடுப்பது பிற்காலத்தில் உதவும். மேசன் வேலையோ மின் வேலையோ பிடிக்கிற பிள்ளைக்குத் தொழினுட்பப் பாடங்கள் நல்ல அத்திவாரம். உயர்தரத்திற்குப் பெறுபேறு போதாத பிள்ளைக்கும் 2017இல் தொடங்கிய 13 வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டத்தில், தெரிவுசெய்யப்பட்ட பாடசாலைகளில் தொழிற்கல்வி உண்டு.

நான்கு கேள்விக்கும் நல்ல பதில் கிடைக்கும் பாடம் அரிது. மூன்றுக்குக் கிடைத்தாலே எடுக்கலாம். ஆனால் முதலாம் கேள்விக்கும் இரண்டாம் கேள்விக்கும் "இல்லை" என்று வந்தால், பெயர் எவ்வளவு பெரிதாயினும் விட்டுவிடுங்கள்.

ஊர் மாறவேண்டி வந்தால்

பத்தாந் தரத்திற்கும் பதினோராந் தரத்திற்கும் இடையில் வீடு மாறுவது நமக்கு நடக்கிற காரியம். யுத்தம் ஓய்ந்தாலும் வெள்ளமும் வேலையும் குடும்பங்களைக் கிளப்புகின்றன. அப்போது செய்யவேண்டியவை:

போகுமுன் புதிய பாடசாலைக்கு ஒருவர் சென்று, பிள்ளையின் மூன்று தொகுதிப் பாடங்களும் அங்கே உண்டா என்று கேட்டறியுங்கள். ஒன்று இல்லையென்றால், அதே தொகுதியில் பிள்ளைக்குக் கிட்டிய பாடம் எது என்று ஆசிரியரோடு பேசுங்கள். பரீட்சை நெருங்கியிருந்தால், பழைய பாடசாலைக்குப் பக்கத்தில் நம்பிக்கையான உறவினர் வீட்டில் பிள்ளையை விடமுடியுமா என்றும் யோசியுங்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின், முன்பு பாதைக்குக் காத்துநின்று கடந்த துறையைப் பிள்ளைகள் சைக்கிளிலே கடக்கலாம். ஆகவே தூரத்தைப் பழைய கணக்கில் அளக்கவேண்டாம்.

விடுகைப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், புள்ளி அட்டைகள், பாடக் கொப்பிகள் ஆகியவற்றை ஒரு பொலித்தீன் பையில் கட்டி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். பரீட்சை எழுத அடையாள அட்டை தேவை. 15 வயது நிறைந்ததும் அதற்கு விண்ணப்பிக்கலாம். பரீட்சை விண்ணப்பம் அனுப்பும் காலத்தில் பாடங்களின் பெயர் சரியாகப் பதியப்பட்டதா என்று பிள்ளை பார்க்கட்டும். அனுமதி அட்டை வந்ததும் பாடத்தையும் மொழிமூலத்தையும் மீண்டும் பார்க்கவேண்டும். பாடத்திட்டங்கள் காலத்துக்குக் காலம் மாறுவதால், கடைசிச் சொல்லைப் பாடசாலையிலேயே கேளுங்கள்.

தீர்மானிப்பது யார்?

பெற்றோர் வழிகாட்டவேண்டும், பிள்ளை தெரிவுசெய்யவேண்டும். அந்தப் பாடத்தோடு இரண்டு வருடம் இருக்கப்போவது பிள்ளைதான். நீங்கள் விரும்பியது ஒன்று, அது விரும்பியது ஒன்று என்றால், காரணத்தைச் சொல்லச் சொல்லுங்கள். "கூட்டாளி எடுத்தான்" என்பது காரணமன்று. "எனக்கு இதில் 60 வந்தது, டீச்சர் நன்றாகச் சொல்லித் தருகிறா" என்பது காரணம். அப்படிச் சொன்னால் விட்டுக்கொடுங்கள். பெண்பிள்ளை என்பதற்காக மனைப் பொருளியலையும், ஆண்பிள்ளை என்பதற்காகச் சங்கீதம் வேண்டாமென்றும் நீங்களே எழுதிவிடாதீர்கள்.

எந்த நெல்லை எந்த வயலில் விதைப்பதென்று உங்களுக்குத் தெரியும். பள்ளக்காணிக்கும் மேட்டுக்காணிக்கும் ஒரே விதையை நீங்கள் போடுவதில்லை. அதே கண்ணால் உங்கள் பிள்ளையையும் பாருங்கள். பிறகு ஒப்பமிடுங்கள்.

கலந்துரையாடலுக்கு

1. நமது ஊர்ப் பாடசாலையில் எந்தத் தொகுதிப் பாடங்களுக்கு ஆசிரியர் இருக்கின்றனர்? எவற்றுக்கு இல்லை? இதுபற்றி அதிபரோடும் வலயக் கல்வி அலுவலகத்தோடும் பேச யார் போவது?

2. நம்மில் யாருடைய பிள்ளையாவது இடமாற்றத்தால் பாடம் மாறவேண்டி வந்ததா? அப்போது நாம் என்ன செய்திருக்கலாம்?

3. தரம் 10, 11 பாடநூல்களைப் படித்து முடித்த பிள்ளைகளிடமிருந்து சேர்த்து, அடுத்த பிள்ளைகளுக்கு இரவல் கொடுக்க நமது சங்கத்தில் ஒரு அலுமாரி வைக்கமுடியுமா? அதன் திறப்பு யாரிடம் இருக்கவேண்டும்?