தில்லியில் போர்டா கேபின் வீடு: வாடகை அறையோடும் அடுக்ககத்தோடும் ஓர் ஒப்பீடு

இரும்புச் சட்டத்தில் தகடுகளைப் பொருத்தி, பட்டறையிலேயே செய்து முடித்து, லாரியில் ஏற்றிவந்து கிரேனால் இறக்கி வைக்கப்படும் அறைக்குத் தில்லியில் போர்டா கேபின் என்று பெயர். கட்டுமானத் தளங்களிலும், 2015 முதல் திறக்கப்பட்ட மொஹல்லா கிளினிக்குகள் பலவற்றிலும், வீடற்றோருக்காகத் தில்லி நகர்ப்புறக் குடிசை மேம்பாட்டு வாரியம் நடத்தும் இரவுத் தங்குமிடங்களிலும் இது பயன்பட்டு வந்துள்ளது. பழைய கப்பல் கண்டெய்னரை அறையாக மாற்றுவதும் இதே வகைதான். 20 அடிக் கண்டெய்னர் ஒன்று ஏறத்தாழ 160 சதுர அடிப் பரப்புடையது. செங்கல் வீட்டைவிட மலிவானது, சில வாரங்களில் கைக்கு வருவது என்பதால், குறைந்த வருவாயுள்ள குடும்பம் ஆண்டு முழுவதும் இதில் வாழலாமா என்ற கேள்வி இயல்பாக எழுகிறது.

இக்கேள்விக்கு விடை கேபினில் இல்லை, அது நிற்கும் மனையில்தான் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க, பிரித்தானியாவில் ஸ்டாடிக் காரவன் எனப்படும் நகராத வண்டிவீட்டில் வாழ்பவர் வீட்டுக்கு மட்டுமே உரிமையாளர். நிலத்துக்கு வாடகை செலுத்துகிறார். நிரந்தரக் குடியிருப்புக்கென உரிமம் பெற்ற தளமாக இருந்தால் 1983ஆம் ஆண்டின் நகரும் வீடுகள் சட்டம் அவரைக் காக்கிறது. விடுமுறைத் தளமாக இருந்தால் அந்தக் காப்பு இல்லை. தில்லியிலோ கேபின்வாசிக்கென அப்படியொரு தனிச் சட்டமே கிடையாது. ஆகவே நிலத்தின் மீதான உரிமை எவ்வளவு உறுதியோ, அவருடைய குடியிருப்பும் அவ்வளவே உறுதியாக இருக்கும்.

தில்லியின் ஓரங்களில் மலிவாகக் கிடைக்கும் நிலம் பெரும்பாலும் மூன்று வகைப்படும். ஒன்று வேளாண் நிலம்: 1954ஆம் ஆண்டின் தில்லி நிலச் சீர்திருத்தச் சட்டம் செல்லுபடியாகும் இடங்களில், வேளாண்மை அல்லாத பயன்பாட்டுக்காக உடைமையாளரையே வெளியேற்ற அதன் 81ஆம் பிரிவு வழி தருகிறது; ஆகவே சக்கரம் பூட்டிய கேபின் கட்டடமே அல்ல என்று விற்பவர் சொல்லும் வாதத்தை நம்பிப் பணம் கொடுப்பது பேராபத்து. இரண்டாவது யமுனையின் வெள்ளச் சமவெளி: 2023 ஜூலையில் பழைய ரயில் பாலத்தருகே ஆறு 208.66 மீட்டர் உயரத்தைத் தொட்டது. அபாய அளவு 205.33 மீட்டர்தான். மூன்றாவதாக, 1,731 அங்கீகாரமற்ற காலனிகளில் குடியிருப்போருக்கு உடைமையுரிமை வழங்க 2019இல் கொண்டுவரப்பட்ட பி.எம்.-உதய் திட்டத்துக்குள் வரும் மனை இருக்கிறது. இங்கே அதிகாரப் பத்திரத்தை மட்டும் கையில் வைத்திருப்பவரிடமிருந்து வாங்காமல், பதிவு செய்யப்பட்ட உரிமைப் பத்திரம் பெற்றவரிடமிருந்து வாங்குவதே பாதுகாப்பு. கேபின் வைக்க எண்ணுவோர் கருதத்தக்க நிலம் இது ஒன்றே.

நிலம் அமைந்துவிட்டாலும் தில்லியின் தட்பவெப்பம் அடுத்த தடையாக நிற்கிறது. சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 2021ஆம் ஆண்டின் முதல் நாள் வெப்பம் 1.1 டிகிரிக்கு இறங்கியது. 2024 மே மாதம் 46.8 டிகிரிக்கு ஏறியது. வெறுந்தகடு இவ்விரண்டையும் அப்படியே உள்ளே கடத்திவிடும். ஆதலால் இரு தகடுகளுக்கிடையே பாலியூரித்தேன் நுரை அடைத்த பஃப் பேனலைச் சுவருக்குக் குறைந்தது 50 மில்லிமீட்டர் தடிப்பிலும், கூரைக்கு அதைவிடக் கூடுதலாகவும் கேட்டு வாங்க வேண்டும். தெர்மாகோல் அடைத்தவை விலை குறைந்தாலும் தீயில் எளிதில் உருகி எரிபவை, பாறைப் பஞ்சு அடைத்தவை தீயைத் தாங்குபவை. சமையல் உள்ளேயே நடக்கும் வீட்டில் இந்த வேறுபாடு உயிரோடு தொடர்புடையது. கூரைக்கு ஓரடி மேலே நிழற்கூரை ஒன்றை அமைத்தால், இடையிலுள்ள காற்று வெயிலின் கடுமையைப் பெரிதும் தணிக்கும். மே மாதத்து வறண்ட காற்றில் நன்கு குளிர்விக்கும் கூலர், ஜூலையின் புழுக்கத்தில் பயன்படாது. ஏசி வைத்தாலோ, மாதம் 200 யூனிட் வரை மின்சாரம் இலவசம், 400 யூனிட் வரை பாதிக் கட்டணம் என்னும் தில்லியின் சலுகை கோடையில் கைநழுவிவிடும். குளிர்காலத்தில் கதவடைத்த அறைக்குள் அங்கீட்டி என்னும் கரியடுப்பை எரித்து, அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடால் இறப்போர் தில்லியில் ஆண்டுதோறும் உண்டு. காற்றுப் புகாத கேபினில் அதை ஒருபோதும் மூட்டக் கூடாது.

இத்தகைய வீடுகளில் நெடுங்காலம் வாழ்ந்ததற்குச் சான்று தில்லியிலேயே உண்டு. கட்புத்லி காலனி என்னும் குடிசைப் பகுதியின் பொம்மலாட்டக்காரர்கள் உள்ளிட்ட குடும்பங்களை, அவர்களுக்கான அடுக்ககம் கட்டி முடியும்வரை தங்க வைப்பதற்காக ஆனந்த் பர்பத்தில் முன்தயாரிப்பு அறைகளால் ஆன இடைக்கால முகாம் அமைக்கப்பட்டு, 2014 முதல் குடும்பங்கள் அங்கே நகர்த்தப்பட்டன. ஈராண்டில் முடியும் என்ற தங்கல் ஆண்டுக்கணக்கில் நீண்டுகொண்டே போனது. கழிப்பறையைப் பலர் பகிர்ந்துகொள்ளும் ஓரறையில் குழந்தைகள் வளர்ந்து ஆளாகிவிட்ட அந்நிலையை, தற்காலிக வீடு என்ற சொல்லால் யாரும் மறைத்துவிட முடியாது.

கேபினுக்கு மாற்றாக இருப்பவை வாடகை அறையும் அடுக்ககமும். நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில் தில்லி வளர்ச்சி ஆணையத்தின் அடுக்கக வீடுகள் ஒப்பீட்டளவில் மலிவு; உரிமை தெளிவானது; வங்கிகள் வீட்டுக்கடன் தரும். இடம்பெயர்க்கத்தக்க பொருளாகக் கருதப்படும் கேபினுக்கு வீட்டுக்கடன் கிடைப்பதரிது. ஆண்டுக்கு 9 லட்சம் ரூபாய் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்குப் பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் தரும் வட்டி மானியமும் கடன் வாங்கியோருக்கே உரியது. ஆயினும் தொலைவு பெருஞ்செலவு. ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலோரம் இருந்த மதராசி முகாம் உயர் நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 370 வீடுகளில் தகுதி பெற்றோருக்கு நரேலாவில் இடம் ஒதுக்கப்பட்டது. தென்தில்லி வீடுகளில் வேலை செய்து வந்த தமிழ்ப் பெண்களுக்கு அது வேலையிலிருந்தும், பிள்ளைகளுக்கு லோதி எஸ்டேட்டின் தமிழ்ப் பள்ளியிலிருந்தும் நெடுந்தொலைவு. ரிட்டாலாவிலிருந்து நரேலா வழியாகக் குண்ட்லிக்குச் செல்லும் மெட்ரோ பாதைக்கு மத்திய அமைச்சரவை 2024 டிசம்பரில்தான் ஒப்புதல் அளித்தது.

எனவே நாள்தோறும் தென்தில்லியில் வேலை செய்யும் குடும்பத்துக்கு, பணியிடத்துக்கு அருகே பதினொரு மாத ஒப்பந்தத்தில் கிடைக்கும் வாடகை அறையே, தன் பெயரில் தனி மின்மீட்டர் பெற்றுக்கொள்ளும் நிபந்தனையோடு, முதல் தேர்வாக இருக்க வேண்டும். வடதில்லியிலோ குண்ட்லி, சோனிப்பத் பக்கத்திலோ வேலை உள்ளவர்கள் நரேலா வீட்டைத் தயங்காமல் வாங்கலாம். பதிவு செய்யப்பட்ட உரிமைப் பத்திரத்தோடு மனையும், அதில் குடிநீர், கழிவுநீர், மின் இணைப்புகளும் ஏற்கெனவே உள்ளவருக்கு, நிரந்தரக் கட்டடத்துக்குப் பணம் சேரும்வரை கேபின் ஏற்றது. மனை இல்லாமல் கேபினை மட்டும் முதலில் வாங்க நினைப்பவர் அந்த எண்ணத்தைக் கைவிடுவதே நல்லது.