‘ஆம்’ என்ற பதில்

மடிக்கணினியின் பொத்தானை அழுத்தியதும் முதலில் விழித்துக்கொள்வது விண்டோஸோ லினக்ஸோ அன்று. தாய்ப்பலகையில் உள்ள சிறிய சில்லில் பதிந்திருக்கும் நிலைப்பொருளே முதலில் இயங்குகிறது. அது கணினித் தயாரிப்பாளர் எழுதிச் சேர்த்த நிரல். மின்கலம், விசிறி, திரை வெளிச்சம் ஆகியவற்றைக் கையாளும் முறையை இயங்குதளம் அதனிடமிருந்தே அறிந்துகொள்கிறது. இரண்டும் தொடர்புகொள்வதற்கான ‘ஏசிபிஐ’ என்னும் விதிமுறையை இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் 1996-ஆம் ஆண்டு வெளியிட்டன.

அந்த விதிமுறையில் ஒரு கேள்விக்கு இடமுண்டு. “விண்டோஸின் இந்தப் பதிப்பைப்போல் உன்னால் நடந்துகொள்ள முடியுமா?” என்று நிலைப்பொருள் கேட்கலாம். லினக்ஸ் “ஆம்” என்கிறது. “நீ லினக்ஸா?” என்று கேட்டாலோ, “இல்லை” என்கிறது! 2007-ஆம் ஆண்டு முதல் இதுவே அதன் வழக்கமான பதில்.

ஏன் இந்தப் பொய்? பெரும்பாலான மடிக்கணினிகள் விண்டோஸுடன் மட்டுமே சோதிக்கப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. விண்டோஸுக்காக எழுதப்பட்ட நிரற்பகுதி பலமுறை இயக்கிப் பார்க்கப்பட்டிருக்கும். மற்றப் பகுதியை எவரும் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். அங்கே ஒளிந்திருக்கும் பிழை, மூடிவைத்த கணினி மீண்டும் விழிக்காதபோதுதான் தெரியவரும். நிலைப்பொருளைத் திருத்த வேண்டியவர் தயாரிப்பாளர். பழைய மாதிரிக்கு அவர் திருத்தம் வெளியிடுவார் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே, சோதித்த பாதையிலேயே செல்வது என லினக்ஸ் நிரலாளர்கள் முடிவுசெய்தனர். மேலும், சில மாதங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பாக வரும் லினக்ஸில், ‘லினக்ஸ்’ என்ற ஒற்றைச் சொல் எந்தப் பதிப்பைக் குறிக்கும்?

ஆனால், ‘ஆம்’ என்பது ஒரு வாக்குறுதி. 2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8, திரை வெளிச்சத்தை நிலைப்பொருளிடம் விடாமல், வரைகலை இயக்கியின் பொறுப்பில் விட்டது. அதற்கேற்ப வந்த புதிய மடிக்கணினிகள் பலவற்றில், வெளிச்சத்தை மாற்றும் பழைய நிரற்பகுதி பழுதாகவே கிடந்தது. லினக்ஸ் வழக்கம்போல் “ஆம்” என்றுவிட்டு அந்தப் பழைய பகுதியையே நாடியது. விளைவு, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள் வேலை செய்யவில்லை. பயனர்களோ லினக்ஸைத்தான் குறை கூறினர்!

நிரலாளர்கள் லினக்ஸையும் விண்டோஸ் 8-இன் வழிக்கே மாற்றினர். அதுவும் ஒத்துவராத மாதிரிகளின் பெயர்களைக் கருநிரலுக்குள்ளேயே பட்டியலிட்டனர். கணினி தொடங்கும்போது லினக்ஸ் தன் மாதிரிப் பெயரை அப்பட்டியலில் தேடுகிறது. இருந்தால், அந்த மாதிரிக்கென எழுதிய மாற்றுவழியைப் பின்பற்றுகிறது.