உயர்ந்த வரி எவருக்குச் சொந்தம்?
(நகரமும் கவுண்டியும் பற்றிய ஒரு பாடம்)

ஒரு வட்டாரத்தில் சாலையும் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் செம்மையாக அமையுமாயின், அங்குள்ள நிலத்தின் மதிப்பு உயரும். மதிப்பு உயர்ந்தால் அதன்மீது விதிக்கும் வரியும் உயரும். அவ்வாறு உயர்ந்த வரி எவருக்குச் சேரவேண்டும்? சாலை போட்டவருக்கா? அன்றி, அந்நிலத்தின் வரியில் முன்னரே பங்கு பெற்றுவந்த எல்லோருக்குமா? இலாபப் பிரிவினைக் காலத்தில் மகாசபையில் வாதாடிப் பழகிய நம் அங்கத்தினர்களுக்கு இவ்வினா முற்றும் புதிதன்று. அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் இதற்கு அறுபது ஆண்டுகள் ஒரு விடை வழங்கிவந்தது. பின்னர் அது நீக்கப்பட்டு வேறொரு விடை வந்தது. இரண்டையும் கணக்கோடு ஆராய்வது நமக்குப் பயன்படும் எனக் கருதுகிறோம்.

முதலில் அந்நாட்டு ஆட்சி அமைப்பைச் சிறிது அறிந்துகொள்வோம். கலிபோர்னியாவில் 58 கவுண்டிகள் உள்ளன. கவுண்டி என்பதை நம் மாவட்டத்துக்கு ஒப்பிடலாம். ஆயினும் அதனை ஆள்வது கலெக்டர் அல்லர், மக்கள் தேர்ந்தெடுத்த மேற்பார்வையாளர் குழுவே. ஏழைகளுக்கான மருத்துவம், உதவித் தொகை, சிறைச்சாலை முதலியன கவுண்டியின் பொறுப்பு. கவுண்டிக்குள்ளே தனித்தனி நகரசபைகள் இயங்குகின்றன. தெரு, கட்டட அனுமதி, நகரக் காவல் ஆகியவற்றை அவை கவனிக்கின்றன. பள்ளிகளுக்கு வேறு மன்றங்கள் உண்டு. வீட்டுக்காரர் செலுத்தும் சொத்துவரியோ ஒன்றே. கவுண்டி அதனை வசூலித்து எல்லோருக்கும் பிரித்தளிக்கிறது. (சான் பிரான்சிஸ்கோவில் மட்டும் நகரமும் கவுண்டியும் ஒன்றே, அங்கே இவ்வழக்கில் பாதி குறைந்துவிடும்.)

இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945ஆம் ஆண்டில், நலிவுற்ற நகரப் பகுதிகளைப் புதுப்பிக்க அம்மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. நகரசபைகள் புனரமைப்பு நிலையங்களை நிறுவலாயின. சட்டம் வந்ததேயன்றிப் பணம் வரவில்லை. ஆகவே 1952ஆம் ஆண்டில் மக்கள் வாக்களித்து அரசியலமைப்பைத் திருத்தினர். அத்திருத்தத்தின் சாரம் இது: புனரமைப்புப் பகுதியென ஓர் எல்லை வகுத்த ஆண்டில் அங்குள்ள சொத்து மதிப்பே அடிப்படை மதிப்பு. அதன்மீது வரும் வரியை முன்போலவே எல்லோரும் பங்கிட்டுக் கொள்வர். அதற்குமேல் உயரும் மதிப்பின் வரி முழுவதும் புனரமைப்பு நிலையத்துக்கே சேரும். நிலையம் அதனை ஈடாகக் காட்டிக் கடன் பத்திரம் வெளியிடலாம்.

கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றும். "எம் முயற்சியால் உயர்ந்தது, எமக்கே உரியது" என்பது நகரசபையின் வாதம். அந்த வாதம் எங்கே இடறுகிறது என்பதைக் காண ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம்.

ஒரு பகுதியின் அடிப்படை மதிப்பு 10 கோடி டாலர். வரி நூற்றுக்கு ஒன்று. ஆக ஆண்டு வரி 10 இலட்சம். நூறு பங்கில் நகரத்துக்கு 15, கவுண்டிக்கு 25, பள்ளிகளுக்கு 45, ஏனையோர்க்கு 15 என்று கொள்வோம். இருபது ஆண்டுகளுக்குப் பின் மதிப்பு 25 கோடியாகிறது. வரி 25 இலட்சம். இதில் 10 இலட்சம் பழைய விகிதப்படி பிரியும். மிகுதி 15 இலட்சமும் நிலையத்துக்குப் போகும். வழக்கமான பங்கீடாயின் அந்தப் 15 இலட்சத்தில் நகரத்துக்கு 2¼ இலட்சமே கிடைத்திருக்கும். கவுண்டிக்கு 3¾ இலட்சமும், பள்ளிகளுக்கு 6¾ இலட்சமும், ஏனையோர்க்கு 2¼ இலட்சமும் உரியவை. ஆனால் பெரும்பாலான ஊர்களில் நகரசபை உறுப்பினர்களே நிலையத்தின் நிர்வாகிகளாகவும் அமர்ந்தனர். ஆகவே 2¼ இலட்சத்துக்கு உரியவர் 15 இலட்சத்தை ஆளலாயினர்.

இங்கே நம் தணிக்கை அனுபவம் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒரு நெசவாளர் சங்கம் பஸ் நிலையத்தருகே புதிய விற்பனைக் கடையைத் திறந்தது. ஆண்டு இறுதியில், விற்பனை உயர்ந்தது முழுவதும் தம் கடையாலேயே என்று கடைப் பொறுப்பாளர் குறிப்பெழுதி ஊக்கத் தொகை கோரினார். ஏட்டைப் புரட்டினோம். உயர்வில் பெரும்பகுதி தீபாவளித் தள்ளுபடி நாட்களில் நேர்ந்திருந்தது. பழைய கடையிலும் அதே நாட்களில் விற்பனை உயர்ந்தே இருந்தது. கடையால் பயனில்லை என்று நாம் சொல்லவில்லை. கடை இல்லாவிடினும் வந்திருக்கக்கூடிய உயர்வு எவ்வளவு என்பதைத் தனியே கழித்துக் காட்டுமாறு கேட்டோம். பொறுப்பாளருக்கு அது பிடிக்கவில்லை.

கலிபோர்னியாவிலும் கேட்கவேண்டிய கேள்வி அதுவே. நம் உதாரணத்தில், நிலையமே இல்லாதிருந்தாலும் ஊர் வளர்ச்சியால் மதிப்பு 18 கோடியை எட்டியிருக்கும் என்று கொள்க. அப்பொழுது 15 இலட்சத்தில் 8 இலட்சம் நிலையத்தின் உழைப்பால் விளைந்ததன்று. அந்த 8 இலட்சத்தில் கவுண்டிக்குரிய 2 இலட்சமும் பள்ளிகளுக்குரிய 3 இலட்சத்து 60 ஆயிரமும் ஆண்டுதோறும் கைமாறிப் போகின்றன. கவுண்டி மருத்துவமனையின் வாயிலில் காத்திருக்கும் ஏழைக்கு இக்கணக்குத் தெரியாது; மருந்து குறைவது மட்டும் தெரியும்.

ஆகவே பூசல் எழுந்தது. லாஸ் ஏஞ்செல்ஸ் நகரின் மையப் பகுதித் திட்டத்தை எதிர்த்து அந்நகரசபையின் உறுப்பினரான எர்னானி பெர்னார்டியே வழக்குத் தொடுத்தார். அத்திட்டம் பெறத்தக்க உயர்வரி மொத்தம் 75 கோடி டாலரைத் தாண்டலாகாது என 1977ஆம் ஆண்டில் இணக்கத் தீர்ப்பு ஏற்பட்டது. பல கவுண்டிகள் நகரங்களோடு தனித்தனியே பேசி, உயர்வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறும் உடன்படிக்கைகளைச் செய்துகொண்டன. பேசும் வல்லமையுள்ள கவுண்டி பெற்றது, மற்றவை இழந்தன. 1993ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வாறு பேரம் பேசுவதை நிறுத்தி, புதிய திட்டங்களுக்குத் திரும்பச் செலுத்தவேண்டிய அளவைத் தானே விதித்தது. 'நலிவு' என்ற சொல்லுக்கும் இறுக்கமான பொருள் கூறிற்று.

பள்ளிகளின் இழப்பை மட்டும் மாநில அரசு தன் பொக்கிஷத்திலிருந்து ஈடுசெய்து வந்தது. இதனால் ஒரு விபரீதம் விளைந்தது. நகரம் செலவிடும், மாநிலம் ஈடுகட்டும், இருவரும் நேரில் அமர்ந்து பேசவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. கடைசி ஆண்டுகளில் மாநிலச் சொத்துவரி முழுவதிலும் சுமார் 12 சதவீதம் இந்நிலையங்களுக்குச் சென்றது. அப்பணத்தில் நற்பணிகளும் நிகழ்ந்தன என்பதை மறைக்கலாகாது. உயர்வரியில் ஐந்தில் ஒரு பங்கு எளியோர் வீட்டுவசதிக்கு ஒதுக்கப்படவேண்டும் என்ற விதி 1970களிலேயே வந்துவிட்டது. பாம் டெசர்ட் என்னும் செழிப்பான ஊரில் கோல்ப் மைதானத்தைச் செப்பனிடவும் இதே நிதி ஒதுக்கப்பட்டதை 2011ஆம் ஆண்டில் மாநிலக் கணக்கு அதிகாரி எடுத்துக்காட்டினார். நலிவுற்ற கோல்ப் மைதானம் எத்தகையது என்பது நம் அறிவுக்கு எட்டவில்லை.

அவ்வாண்டு மாநில நிதி நெருக்கடியில் இருந்தது. ஆளுநர் ஜெர்ரி பிரவுன் நிலையங்களைக் கலைக்க முனைந்தார். கலைக்கும் சட்டம் ஒன்றும், பணம் செலுத்துவோர் தொடர்ந்து நடத்தலாம் என்னும் சட்டம் ஒன்றும் சேர்ந்தே நிறைவேறின. 2011 டிசம்பர் 29இல் மாநில உச்ச நீதிமன்றம் முதற்சட்டம் செல்லும், இரண்டாவது செல்லாது என்றது. நகரசபைகள் எதிர்பார்த்தது இதுவன்று. வழக்குத் தொடுத்தவர்களே நகரங்களின் பக்கத்தார்தாம். 2012 பிப்ரவரி முதல் தேதியன்று சுமார் 400 நிலையங்கள் மறைந்தன. பழைய கடன்களைத் தீர்க்கும் பணியைக் கவனிக்க மேற்பார்வைக் குழுக்கள் அமைந்தன. கவுண்டி, நகரம், பள்ளிகள், ஏனைய மன்றங்கள் ஆகியவற்றின் பிரதிநிதிகள் அவற்றில் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தனர். நிலையம் உயிரோடிருந்த நாளில் கிட்டாத இடம், அதன் ஈமக்கடனில் அவர்களுக்குக் கிட்டியது.

சாலையும் குழாயும் தேவையின்றிப் போய்விடுமா? 2014ஆம் ஆண்டில் புதிய சட்டம் வந்தது. 'மேம்பட்ட அடிப்படை வசதி நிதி வட்டாரம்' என அதற்குப் பெயர். உயர்வரியைத் திரட்டும் முறை பழையதே. ஆனால் எவருடைய பங்கையும் அவர் சம்மதமின்றித் தொடலாகாது. பள்ளிகளின் பங்கை அவர்கள் சம்மதித்தாலும் தொடலாகாது. கவுண்டி சேர விரும்பினால் தன் பங்கில் இவ்வளவே தருவேன் என்று தீர்மானம் நிறைவேற்றிச் சேரலாம். சேர்ந்தோரின் பிரதிநிதிகளும், பொதுமக்களில் குறைந்தது இருவரும் கொண்ட தனிக்குழு நிதியை ஆளும். கடன் பத்திரம் வெளியிட முதலில் வட்டாரத்தாரின் 55 சதவீத வாக்குத் தேவைப்பட்டது. 2019இல் அதனை நீக்கி, பொது விசாரணைகளும் ஆட்சேபம் தெரிவிக்கும் உரிமையும் வைத்தனர். அதே 2019ஆம் ஆண்டில் பிளசென்சியா நகரமும் ஆரஞ்சு கவுண்டியும் பழைய ஊர்ப்பகுதிக்கும் இரயில் நிலையச் சுற்றுப்புறத்துக்குமாக இத்தகைய வட்டாரம் ஒன்றைக் கூட்டாக அமைத்தன.

நம் உதாரணத்துக்குத் திரும்புவோம். புதிய முறையில் நகரம் தன் 2¼ இலட்சத்தை முழுதும் தருகிறது; கவுண்டி தன் 3¾ இலட்சத்தில் பாதியைத் தருகிறது. கூடுவது 4 இலட்சத்து 12,500 டாலர். முன்னர் 15 இலட்சம்! மிகச் சிறிய நிதிதான். நகரத்து அதிகாரிகள் இதனைக் குறைகூறுவது இயல்பே. நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டதைக் கொண்டு என்ன செய்வது என்பர். நாமோ இதனைக் குறையென மட்டும் எண்ணவில்லை. கவுண்டியைச் சேர்க்க நகரம் இப்பொழுது கணக்கைக் காட்டவேண்டியிருக்கிறது; திட்டமின்றியும் வந்திருக்கக்கூடிய உயர்வு எவ்வளவு என்று கவுண்டி கேட்கிறது. கேள்வி கேட்போர் உள்ள குழுவில் கோல்ப் மைதானம் எளிதில் நுழையாது. ஆயினும் ஏழை நகரங்களுக்கு இம்முறை பெரிதும் உதவாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உயரும் மதிப்பே இல்லாத ஊரில் உயர்வரி ஏது?

இந்த இடர்ப்பாட்டுக்கு விடை வேறொரு மாநிலத்தில் உண்டு. மின்னசோட்டாவில் மின்னியாபொலிஸ், செயின்ட் பால் எனும் இரட்டை நகரங்களைச் சூழ்ந்த ஏழு கவுண்டிகளில், 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவ்வாண்டுக்குப்பின் வாணிப, தொழிற் சொத்துக்களில் வளர்ந்த வரி மதிப்பில் நூற்றுக்கு 40 பங்கு பொதுத் தொகுப்பில் சேர்க்கப்படுகிறது. மக்கள் தொகையையும் ஊரின் வசதிக் குறைவையும் கணக்கிட்டு அது திரும்பப் பங்கிடப்படுகிறது. வழக்குகளைக் கடந்து 1975இல் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலை எந்த ஊரில் எழுந்தாலும் அடுத்த ஊருக்கும் சிறிது கிட்டுவதால், ஒருவரையொருவர் வரிச்சலுகையால் கவர்ந்திழுக்கும் போட்டிக்கு வேகம் குறைகிறது. இம்மசோதாவைக் கொணர்ந்த சட்டசபை உறுப்பினர் சார்லஸ் வீவர். 'வீவர்' என்றால் நெசவாளர். நம் அங்கத்தினர்கள் மகிழ்வார்கள் என்பதற்காகவே இதைக் குறித்தோம்.

படிப்பு வட்டங்களில் விவாதிக்க இரண்டு வினாக்கள். முதலாவது: மேற்கண்ட உதாரணத்தில் நிலையமின்றியே மதிப்பு 22 கோடியை எட்டியிருக்குமாயின், 15 இலட்சத்தில் நிலையத்தின் உழைப்பால் வந்தது எவ்வளவு, கவுண்டி இழப்பது எவ்வளவு? இரண்டாவது: உங்கள் சங்கமும் அண்டைச் சங்கமும் சேர்ந்து சாயச்சாலையோ விளைபொருள் கிடங்கோ கட்டினால், அதனால் பெருகும் வருமானத்தை அளக்க எந்த ஆண்டை அடிப்படை ஆண்டாகக் கொள்வீர்கள்? கட்டடம் எழுந்தபின் ஆண்டைத் தேடாமல், தீர்மானப் புத்தகத்தில் முதலிலேயே எழுதிவைத்த சங்கங்களின் விடைகளை எமக்கு அனுப்பிவைக்கக் கோருகிறோம்.