ஒரு கையெழுத்து போதும்

குன்னூர்

அன்பு மகனுக்கு,

பெரியப்பா எழுதுவது. ஓய்வுபெற்ற கோல்ஃப் வீரர்களின் கையெழுத்துகளைச் சேர்க்கிறாய் என்று உன் அப்பன் சொன்னான். நல்ல பழக்கம். ஆனால் யாரோ விற்கிற, அமெரிக்க வீரர் கையெழுத்திட்ட படத்துக்குப் பாதிச் சம்பளத்தைக் கொடுக்கப் போகிறாயாமே, அதை மட்டும் செய்யாதே. கையெழுத்தைச் சோதித்துச் சான்று கொடுப்பதற்கென்றே அமெரிக்காவில் நிறுவனங்கள் நடக்கின்றன. போலிகள் அவ்வளவு மலிந்து கிடக்கின்றன. காசு கொடுத்து வாங்கினால் காகிதம் வரும், மனிதர் வரமாட்டார்.

நீ டெல்லியில் இருக்கிறாய். அலி ஷேரைத் தெரியுமா? இந்தியன் ஓப்பன் போட்டி 1964இல் தொடங்கியது. முதல் கோப்பையை வென்றவர் ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சன். மறு வருடம் பி. ஜி. சேத்தி வென்றார், அவர் அமெச்சூர். அதன்பிறகு 25 வருடங்கள் வெளிநாட்டுக்காரர்கள்தான் கோப்பையைக் கொண்டுபோனார்கள். 1991இல் அதை மீட்டவர் அலி ஷேர். இந்தியத் தொழில்முறை வீரர்களில் அதை முதலில் வென்றவர் அவர்தான். 1993இல் மறுபடியும் வென்றார். அவர் டெல்லி கோல்ஃப் கிளப்பில் பிறர் பையைச் சுமந்த கேடியாக இருந்து வந்தவர். 2009இல் வென்ற பெங்களூர் முனியப்பாவும் அப்படி வந்தவர்தான்.

ஊட்டி வென்லாக் டவுன்ஸிலும் வெலிங்டன் ஜிம்கானாவிலும் தோளில் பையோடு மேடேறும் நம்ம ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்து வளர்ந்தவன் நீ. மற்றவர் ஆட்டத்தைப் பார்த்தே ஆட்டம் கற்றுக்கொண்டு நாட்டின் கோப்பையைத் தூக்குவது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. கிரிக்கெட்டில் இதில் பாதி செய்தவரைச் சுற்றி ஊரே கூடுகிறது. இவர்களிடம் நோட்டை நீட்டுகிறவர் யார்? அவர்களிடம் போ.

போகும் முன், நீ பார்க்கப்போகிறவர் எந்த வருடம், எங்கே, எதை வென்றார் என்று படித்துவிட்டுப் போ. ஆடிக்கொண்டிருக்கும்போது குறுக்கே நிற்காதே. ஆட்டம் முடிந்து உட்கார்ந்த பிறகு, ‘ஐயா’ என்று கூப்பிட்டு, உன் பெயரைச் சொல்லிக் கேள். ஒரே ஒரு கையெழுத்துதான் கேட்க வேண்டும். வயதான கை அது. பழைய அமெரிக்க கோல்ஃப் வீரர் பாபி ஜோன்ஸுக்குத் தண்டுவட நோய் வந்து, கடைசி வருடங்களில் பேனா பிடிப்பதே வேதனையாகிவிட்டது. அப்போதும் ஜனங்கள் அவரிடம் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். கோடு நடுங்கியிருந்தால் குறையாக நினைக்காதே. உன் பெயரையும் சேர்த்து எழுதித் தரச் சொல். விற்கிறவர்களுக்கு அது பிடிக்காது, விலை குறையுமாம். நீ விற்கவா சேர்க்கிறாய்?

பந்தில் வாங்காதே. குழி குழியான வளைவில் எழுதுவது அவருக்கும் சிரமம், மையும் தேய்ந்துபோகும். ஸ்கோர் கார்டுதான் சரி. பால்பாயிண்ட் பேனா போதும். பளபளப்பான படமென்றால் மார்க்கர் வேண்டும், மை காயும்வரை விரல் படக்கூடாது. நாளையும் இடத்தையும் பின்பக்கம் பென்சிலால் குறித்துவை. அவர் பேசியதை அன்றிரவே தனித்தாளில் எழுதிவிடு. பத்து வருடம் கழித்து, கையெழுத்தைவிட அந்தத் தாளைத்தான் நீ அதிகம் எடுத்துப் படிப்பாய்.

சேர்த்ததை இங்கே குன்னூரில் கொண்டுவந்து வைக்கிற எண்ணம் இருந்தால் யோசித்துக்கொள். ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. பீரோவுக்குள் இருக்கும் புத்தகத்திலேயே பூஞ்சை பிடிக்கிறது. லேமினேட் செய்யாதே, வெயில் படும் சுவரில் மாட்டாதே. அமிலமில்லாத தாளுக்கு நடுவே வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடு. மழைக்காலத்தில் அந்தப் பொட்டலத்தை அடிக்கடி மாற்று.

அந்தப் படத்துக்கு ஒதுக்கிய பணத்தை அப்படியே வைத்திரு, பெங்களூர் போய் முனியப்பாவைப் பார்த்துவர ஆகும். முதலில் அலி ஷேரைப் பார். அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரி விடாமல் எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா