நீர் போகும் வழி: குளியலறை புதுப்பிக்கும் இளம் பொறியாளருக்கு



குளியலறையைப் புதுப்பிப்பது என்றாலே டைல்ஸ் மாற்றுவது என்று வீட்டுக்காரர்கள் பலர் நினைப்பார்கள். பொறியாளருக்கு அது நீரின் வழியைச் சீர்செய்யும் வேலை. வரும் நீர் குழாயை விட்டு வெளியேறக் கூடாது. தரையில் விழும் நீர் வடிகால் டிராப்பைத் தவிர வேறெங்கும் போகக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத இந்த வழியை முதலில் வரைந்துவிட்டு, அதன் பிறகே டைல்ஸ் கடைக்குப் போக வேண்டும்.

அளவு நாடாவை எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, அங்கே குளிக்கப் போவது யார் என்பது. வீட்டில் முதியவர் இருந்தால் வழுக்காத தரை, கமோடுக்கு அருகே கைப்பிடி, தடுக்காத வாசற்படி ஆகியவை திட்டத்தின் தொடக்கத்திலேயே இடம்பெற வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறந்தால், உள்ளே ஒருவர் விழுந்துவிட்டாலும் திறக்க முடியும். வாளியும் குவளையுமாகக் குளிக்கும் வீட்டில் தண்ணீர் தரை முழுவதும் பரவும்; ஷவரின் கீழ் மட்டும் வாட்டம் கொடுத்தால் போதாது. குளியலும் கழிப்பறையும் சேர்ந்த அறைக்கு இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் குறைந்தபட்சப் பரப்பு 2.8 சதுர மீட்டர், அகலம் 1.2 மீட்டர்.

அடுத்து, இருக்கும் அறையைப் படிக்க வேண்டும். மாடி வீடென்றால் கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் எங்கே பூத்திருக்கிறது என்று போய்ப் பார்ப்பது அவசியம். பழைய கசிவின் இடத்தைச் சொல்ல அதைவிட நல்ல சாட்சி இல்லை. கமோடை இடம் மாற்றச் சொல்லும் ஆசைக்குக் கணக்குப் போட்டே பதில் சொல்ல வேண்டும். 110 மி.மீ. குழாய் 2 மீட்டர் தூரம் 40-க்கு 1 வாட்டத்தில் போனால் 5 செ.மீ. இறங்கும். குழாயின் விட்டத்தையும் சேர்த்தால் 16 செ.மீ. அதன் மேல் வளைவுத் துண்டு, கலவை, டைல்ஸ் எல்லாம் வர வேண்டும். தாழ்த்திப் போட்ட தளத்தின் ஆழம் 20 செ.மீ. மட்டுமே என்றால் கமோடு பழைய இடத்திலேயே இருப்பது நல்லது. புதிய கமோடு எஸ்-டிராப்பா பி-டிராப்பா, சுவரிலிருந்து கழிவுக் குழாயின் மையம் எவ்வளவு தூரம் என்பதை வாங்கும் முன்பே அளந்து வைக்க வேண்டும். அந்தத் தூரத்தை அளக்கும்போது புதிதாக வரும் சுவர் டைல்ஸின் கனத்தையும் கணக்கில் எடுப்பது முக்கியம்.

மின்சாரம் இந்த அறையில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 2,000 வாட் ஹீட்டர் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். அதற்குத் தனி இணைப்பு, 16 ஆம்பியர் சாக்கெட், முறையான எர்த், 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. எல்லாம் வேண்டும். செலவைக் குறைக்க எத்தனையோ இடம் உண்டு. இது அந்த இடமல்ல.

இடிக்கத் தொடங்கிய பின் வேலையின் வரிசை மாறக் கூடாது. சுவரில் காடி எடுக்கும்போது தூணையும் உத்திரத்தையும் தொடக் கூடாது. குழாய்களைப் பதித்ததும் மூடிவிடாமல், அழுத்தம் ஏற்றிச் சோதிக்க வேண்டும். வெந்நீர் வழிக்கு சி.பி.வி.சி. குழாய் பொருந்தும்; சாதாரண பி.வி.சி. சூட்டைத் தாங்காது. சோதனை முடிந்த குழாய்களை, பக்கத்தில் அளவு நாடாவை வைத்து, படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு நீர்த்தடுப்பு. தளத்தைத் தூசியில்லாமல் கூட்டி, தரையும் சுவரும் சேரும் மூலையை வளைவாகப் பூசி, நீர்த்தடுப்புப் பூச்சை ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு முறை அடிக்க வேண்டும். சுவரில் அது குறைந்தது 30 செ.மீ. ஏற வேண்டும், ஷவர் பக்கம் ஆள் உயரத்துக்கு. குழாய் தளத்தைத் துளைத்துப் போகும் இடமே மிகவும் பலவீனமானது. கசிவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். பூச்சு காய்ந்ததும் டிராப்பை அடைத்து, தண்ணீர் தேக்கி, அதன் மட்டத்தைச் சுவரில் குறித்து, 48 மணி நேரம் விட வேண்டும். அந்த இரண்டு நாளைச் சுருக்கச் சொல்லி எல்லோரும் நெருக்குவார்கள். பொறியாளர் விட்டுக்கொடுக்கக் கூடாத இடம் இதுதான்: அவசரத்துக்கான விலையைக் கொடுப்பது கீழ்வீட்டுக் குடும்பம்.

டைல்ஸில் பளபளப்பை விடப் பிடிப்பே முக்கியம். 80 செ.மீ.க்கு 1 செ.மீ. என்ற வாட்டத்தில், நான்கு பக்கத்திலிருந்தும் டிராப்பை நோக்கிச் சரிய சிறிய டைல்ஸ் எளிதாக இணங்கும். பெரிய பலகைகளைக் குறுக்கே வெட்ட வேண்டியிருக்கும். இடையில் 2 அல்லது 3 மி.மீ. விட்டு எபாக்ஸியால் நிரப்பினால் இணைப்பில் கறை ஏறாது. குளியலறைத் தரை வெளியறைத் தரையை விடச் சற்றுத் தாழ்ந்தே இருக்க வேண்டும், ஒன்றரை செ.மீ. போதும், முதியவர் கால் தடுக்காது. உப்புத் தண்ணீர் வரும் ஊரில் ஹீட்டரையும் ஷவரையும் கழற்றிச் சுத்தம் செய்ய இடம் விட்டே பொருத்த வேண்டும்.

வேலை முடிந்ததா என்பதை ஒரு வாளித் தண்ணீர் சொல்லும். வாசலோரம் ஊற்றினால் எங்கும் தேங்காமல் டிராப்புக்குள் இறங்க வேண்டும். அதை வீட்டுக்காரர் முன்னிலையில் செய்து காட்டி, குழாய்ப் படங்களையும் வரைபடத்தையும் அவரிடம் ஒப்படைத்தால், பின்னாளில் சுவரில் ஆணி அடிப்பவர் குழாயைத் துளைக்க மாட்டார்.