இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. பிறவியிலேயே காது கேட்காது. 3 வயதிலிருந்து காது மிஷின் போட்டிருக்கிறான். பேச ஆரம்பித்தால் இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்குகிறான். ஊதிப் பார்க்கும் சோதனையிலும் அளவு குறைவாக வந்தது. "நுரையீரல் பலவீனம், மலைக்குளிர் ஆகாது, வத்தலக்குண்டுக்குக் குடிபோய்விடுங்கள், ஓடியாட விடாதீர்கள்" என்கிறார்கள் உறவினர்கள். என்ன செய்யட்டும் டாக்டர்?
– ஒரு தாய், பூம்பாறை

பதில்: அவசரப்பட்டு ஊரை விட்டுப் போகாதீர்கள் அம்மா. இருமல், இளைப்பு, ஓடினால் திணறல் என்று நீங்கள் எதுவும் எழுதவில்லை. பேச்சில் மட்டும்தான் மூச்சு வாங்குகிறது என்றால், பெரும்பாலும் அது பழக்கக் குறைவு.

பேசத் தொடங்கும் முன் நாம் அறியாமலே சற்று ஆழமாக மூச்செடுத்து, அதைச் சிறுகச் சிறுக விட்டு ஒரு வாக்கியத்தை முடிக்கிறோம். தன் குரலைத் தானே கேட்டுத்தான் குழந்தை இதைப் பழகுகிறது. சரியாகக் கேட்காத பிள்ளை போதிய மூச்செடுக்காமலே பேச ஆரம்பித்து, முதல் சொல்லிலேயே காற்றைச் செலவழித்துவிடும்.

அந்த ஊதும் சோதனையில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. முழு பலத்தோடு, மூச்சு தீரும்வரை ஊதினால்தான் அதில் சரியான அளவு வரும். பக்கத்தில் நின்று "ஊது, ஊது, விடாதே" என்று கத்துவது அதற்காகத்தான். அந்தக் குரல் உங்கள் பிள்ளைக்கு எட்டியதா? மிஷின் காதில் இருந்ததா? சைகையில் செய்து காட்டி, மூன்று தடவையாவது ஊதவைத்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

காது கேளாத பிள்ளைகளுக்கு இந்த அளவு உண்மையிலேயே சற்றுக் குறைவதைச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பேச்சும் ஓட்டமும் குறைவதுதான் காரணம் என்று கருதுகிறார்கள். அதனால் 'ஓடியாட விடாதே' என்பதைவிட மோசமான யோசனை வேறில்லை. மற்றப் பிள்ளைகளோடு நன்றாக ஓடட்டும். வீட்டில் மிஷினோடு எதிரே உட்காரவைத்து, ஒரே மூச்சில் "கபடி, கபடி" பாடச் சொல்லுங்கள். அவன் கையை வயிற்றில் வைத்து மூச்சை உணரவிடுங்கள். பலூன் மட்டும் ஊதிப் பயனில்லை, மூச்சோடு குரலும் சேரவேண்டும். பேச்சுப் பயிற்சியையும் நிறுத்தாதீர்கள். மூடுபனி ஈரம் மிஷின் குழாயில் கோத்துச் சத்தத்தை அடைக்கும். இரவில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

உங்கள் பக்கம் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவுதான், ஆனால் மலையிலேயே வளரும் பிள்ளைக்கு அது பழகியிருக்கும். நான் பயப்படுவது, குளிருக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு எரிக்கும் விறகுப் புகைக்கு. புகையால் அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்தால், இருக்கிற கொஞ்சம் கேட்கும் திறனும் மங்கும். அடுப்படியில் அவனை உட்காரவைக்காதீர்கள்.

இரவு இருமல், நெஞ்சில் விசில் சத்தம், ஓடும்போது திணறல், வாய் திறந்து குறட்டை, எடை ஏறாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கொடைக்கானல் அரசு மருத்துவமனையில் உடனே காட்டுங்கள். நெஞ்சோடு சேர்த்து மூக்கையும் காதையும் பார்க்கச் சொல்லுங்கள்.