மெட்ரோவில் 'டக் டக்' சத்தமா? சக்கரம் சொல்வதைக் கேளுங்க!

காலையில் ஆபீஸுக்கு மெட்ரோ பிடிக்கிறீர்கள். உட்கார இடமும் கிடைத்துவிட்டது. வண்டி கிளம்பியதும் காலுக்கு அடியில் 'டக்... டக்...' என்று ஒரு சத்தம். வேகம் கூடக் கூட அது 'டகடகடக' என்று மாறுகிறது. அடுத்த ஸ்டேஷன் நெருங்கினால் மறுபடியும் மெதுவாகிறது. "என்னங்க இது, ஏதாவது உடைஞ்சு போச்சா?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கத் தோன்றும்.

பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது சக்கரத்தில் விழுந்த ஒரு சின்னத் தட்டை. ரயில்வேயில் இதை 'பிளாட் டயர்' என்பார்கள். பெயரைப் பார்த்து பஞ்சர் என்று நினைக்காதீர்கள். சக்கரம் முழுக்க எஃகுதான். அதன் வட்டம் ஓர் இடத்தில் தேய்ந்து தட்டையாகிவிட்டது, அவ்வளவுதான்.

தட்டை எப்படி விழுகிறது?

ரயில் சக்கரமும் தண்டவாளமும் எஃகு. இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடம் ஒரு சின்ன நாணயம் அளவுகூட இருக்காது. உராய்வு குறைவு என்பதால் கரன்ட் மிச்சம். ஆனால் அதே காரணத்தால், பிரேக் போடும்போது சக்கரத்துக்குப் பிடிமானமும் குறைவு.

பிரேக்கின் பலம் பிடிமானத்தை மிஞ்சினால், சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிடும். வண்டி மட்டும் வழுக்கிக்கொண்டு போகும். செருப்பை இழுத்து இழுத்து நடந்தால் ஒரு பக்கம் மட்டும் தேயுமே, அதே கதைதான். சுற்றாத சக்கரம் ஒரே இடத்தில் தேய்கிறது. சில விநாடிகள் போதும்.

தேய்மானத்தோடு முடிவதில்லை. உரசும் இடத்தில் சூடு 700 டிகிரி செல்சியஸைத் தாண்டலாம். சக்கரம் மறுபடி சுற்ற ஆரம்பித்ததும், மீதமுள்ள குளிர்ந்த எஃகு அந்தச் சூட்டைச் சட்டென்று உறிஞ்சிவிடும். பழுத்த இரும்பைக் கொல்லர் தண்ணீரில் முக்குவது போல, அந்த இடம் மட்டும் இறுகி, எளிதில் உடையும் தன்மைக்கு மாறுகிறது. நாளாக ஆக அங்கே விரிசல் விட்டு, சில்லு சில்லாகப் பெயரலாம். ஆகவே தட்டை தானாகச் சரியாகிவிடாது.

வழுக்குவதற்கு என்ன காரணம்?

அடைமழையைவிடத் தூறல்தான் மோசம். பெரிய மழை தண்டவாளத்தைக் கழுவிவிடும். தூறலும் பனியும் அங்குள்ள தூசியோடு கலந்து வழவழப்பாக்கிவிடும். எண்ணெய்ப் பசை, நசுங்கிய இலை, முழுசாக விடுபடாத பிரேக் ஆகியவையும் காரணமாகலாம்.

"சுரங்கத்துக்குள்ள மழை ஏது?" என்று கேட்கலாம். சென்னையில் நீல வழித்தட ரயில் சைதாப்பேட்டைக்கும் சின்னமலைக்கும் இடையில் வெளியே வருகிறது. பச்சை வழித்தட ரயில் திருமங்கலம் தாண்டி கோயம்பேட்டுக்கு ஏறுகிறது. அதே ரயில், அதே சக்கரம். லண்டனின் பிக்காடில்லி சுரங்க ரயில் தடத்திலும் ஒரு பகுதி திறந்தவெளிதான். 2016 இலையுதிர் காலத்தில், தண்டவாளத்தில் ஒட்டிய ஈர இலைகளால் சக்கரங்கள் சேதமாகி, நிறைய ரயில்களைப் பழுதுபார்க்க நிறுத்த வேண்டியதாயிற்று. பயணிகள் வாரக்கணக்கில் அவதிப்பட்டார்கள்.

இதைத் தடுக்கத்தான் நவீன ரயில்களில் சறுக்கல் தடுப்பு அமைப்பு இருக்கிறது. உங்கள் பைக்கில் உள்ள ஏபிஎஸ் மாதிரி. ஒரு அச்சின் வேகம் திடீரென்று குறைந்தால், பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்தி மறுபடி பிடிக்கும். நிறைய காப்பாற்றும், எல்லா நேரமும் அல்ல.

அரை மில்லிமீட்டருக்கா இவ்வளவு சத்தம்?

ஒரு கணக்கு போடுவோம். சக்கரத்தின் விட்டம் 86 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், சுற்றளவு சுமார் 2.7 மீட்டர். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு 6 முறை சுற்றும்; அதாவது 6 'டக்'. தட்டையின் நீளம் 4 செ.மீ. என்றால், அதன் ஆழம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனாலும் ஒவ்வொரு சுற்றிலும் அது தண்டவாளத்தைச் சுத்தியல் போல அடிக்கிறது. அந்த அடி சக்கரத்துக்கும் பேரிங்குக்கும் தண்டவாளத்துக்கும் சேர்ந்தே விழுகிறது. அதனால்தான் இந்திய ரயில்வே பயணிகள் பெட்டிக்கு 50 மி.மீ., சரக்குப் பெட்டிக்கு 60 மி.மீ. என்று தட்டையின் நீளத்துக்கு வரம்பு வைத்திருக்கிறது.

சரிசெய்வது எப்படி?

பணிமனையில் தரைக்குக் கீழே குழிக்குள் ஒரு லேத் இருக்கும். சக்கரத்தைக் கழற்றாமலே அதன்மேல் ரயிலை நிறுத்தி, மறுபடி வட்டமாகக் கடைவார்கள். ஒரு சக்கரத்தில் மட்டும் தட்டை இருந்தாலும், அதே அச்சில் உள்ள ஜோடிச் சக்கரத்தையும் சம அளவுக்குக் கடைய வேண்டும். ஒவ்வொரு முறையும் விட்டம் குறையும். குறைந்தபட்ச அளவுக்கு வந்துவிட்டால் புதுச் சக்கரம்தான். செலவாவது நம் பொதுப் பணம். சீக்கிரம் கண்டுபிடித்தால் கொஞ்சம் கடைந்தால் போதும்.

நீங்கள் செய்யக்கூடியது

முதலில் கவனியுங்கள். சத்தம் வண்டியின் வேகத்தோடு ஏறி இறங்கி, பயணம் முழுக்க ஒரே பெட்டியில் கேட்டால், அது சக்கரம். எந்த ரயிலில் போனாலும் குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் கேட்டால், அது தண்டவாளம். வளைவில் மட்டும் 'கிறீச்' என்றால் அது வேறு; தட்டை அல்ல.

அடுத்து, பெட்டிக்குள் எழுதியிருக்கும் எண், நேரம், எந்த ஸ்டேஷன்களுக்கு இடையில் என்ற விவரம் ஆகியவற்றை மொபைலில் குறித்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் ஸ்டேஷன் வாடிக்கையாளர் சேவை கவுன்டரில் சொல்லுங்கள். "ரயில்ல ஒரே சத்தம்" என்று பொதுவாகச் சொன்னால் எந்த ரயில் என்று தேட வேண்டும். பெட்டி எண் தெரிந்தால் நேராக அந்தச் சக்கரத்துக்கே போய்விடலாம்.

இதற்காக அவசரகால பட்டனை அழுத்த வேண்டாம். புகை, கருகல் வாசனை போன்ற உடனடி ஆபத்துக்குத்தான் அது. சக்கரச் சத்தத்துக்கு நீங்கள் குறித்துவைத்த பெட்டி எண்ணே போதும்.